வைத்துக் கொடுத்த துணிகள்



போன மாதம் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு துணியின் படத்தைப் போட்டிருந்தேன். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கே எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, எனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன், "டீச்சர், இது நம்ம ஸ்கூல் ஆண்டு விழாத் தோரணமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்கு அப்போதும் பாடத்தைக் கவனிக்கிற பழக்கம் இல்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஒரு பீரியடு உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள்தானே, படித்துவிடுவீர்கள்.

அது கடையில் வாங்கியது இல்லை. ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றின் மேல்பக்கம். என் மகள் வயிற்றுப் பேத்தி கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். "அம்மாச்சி, போர்வை கடையில வாங்க வேணாம். உங்க பீரோவுல இருக்கிற துணியை வச்சு நீங்க தச்சுக் கொடுங்க" என்று சொன்னாள். அவள் சொன்ன பீரோத் துணி என்னவென்று உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஜாக்கெட் பிட்.

நம் பக்கத்தில் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் ஒரு தட்டு முழுக்க ஜாக்கெட் பிட்தான் இருக்கும். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு, பால் காய்ப்பு, கொலு என்று எதற்குப் போனாலும் கிளம்பும்போது வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பழத்தோடு ஒரு பிட்டை வைத்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். சிலது 70தான் இருக்கும். அதில் இந்தக் காலத்து அளவுக்கு ஒரு ஜாக்கெட் தைக்க முடியாது. தைத்தாலும் எந்தச் சேலைக்கும் சேராத நிறமாக இருக்கும். அதனால் அது அடுத்த விசேஷத்துக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். ஒரு முறை ஓரத்தில் பென்சிலால் சின்னக் குறி போட்டு ஒரு கிளிப்பச்சைப் பிட்டை ஒரு வளைகாப்பில் கொடுத்தேன். மூன்று வருடம் கழித்து உசிலம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அதே பிட் அதே பென்சில் குறியோடு என் கைக்கே வந்தது. எத்தனை வீடு பார்த்துவிட்டு வந்ததோ. அதற்குமேல் அதை அலைய விடக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதுவும் இந்தப் போர்வையில் இருக்கிறது.

வருகைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்காது. என்னிடம் வந்த ஒவ்வொரு பிட்டிலும் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி வைப்பேன். யார் வீடு, என்ன விசேஷம், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். தைத்தவை, கொடுத்தவை எல்லாம் போக, பீரோவில் மீந்திருந்தவை 63. கூடத்தில் பாயை விரித்து அத்தனையையும் பரப்பினோம். பேத்தி சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். "மலர் கல்யாணம், 1993. யாரு அம்மாச்சி அது?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அன்று பொழுது முழுக்க இப்படியே போனது. உங்களில் பலருடைய கல்யாணச் சாப்பாட்டில் என்ன பாயசம் போட்டார்கள் என்பதுவரை அவளுக்கு இப்போது தெரியும்.

முதல் வேலை, எது பருத்தி, எது கலப்பு என்று பிரிப்பது. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். துணியின் ஓரத்தில் நாலு நூலை உருவி, அகல் விளக்கில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, சாம்பலாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் உருகும், ஆறியதும் கெட்டியான மணி போல இறுகிக்கொள்ளும். இப்படிப் பார்த்ததில் 38 பிட் பருத்தி, 25 கலப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால், துவைக்கத் துவைக்கப் பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, போர்வை கோணிக்கொள்ளும். அதனால் கலப்புத் துணியை எல்லாம் காய்கறிப் பை தைக்க ஒதுக்கி வைத்தேன். திருப்பூர்ப் பனியன் துணித் துண்டுகள் இருந்தால் அதையும் இதில் சேர்க்காதீர்கள். அது பின்னிய துணி, இழுத்தால் இழுபடும். நெய்த துணியோடு சேராது.

இரண்டாவது வேலை, வெட்டுவதற்கு முன்பே துவைப்பது. புதுத் துணி முதல் துவைப்பில்தான் சுருங்கும். சாயமும் அப்போதுதான் போகும். அரக்கு, கருநீலம், அடர் சிவப்பு இந்த மூன்றையும் தனித்தனியாக ஊற வைக்க வேண்டும். தண்ணீர் தெளிவாகும்வரை அலச வேண்டும். கஞ்சி எல்லாம் போன பிறகுதான் துணியின் நிஜ முகம் தெரியும். சில பிட்டுகள் கடையில் பட்டுப் போல நின்றிருக்கும். ஒரு துவைப்பில் கொசுவலை ஆகிவிடும். அப்படி இரண்டு வந்தன. அவற்றை அடியில் வேறு துணி கொடுத்துத் தாங்க வைத்தேன்.

அளவுக்கு வருகிறேன். ஒற்றைக் கட்டில் போர்வை, 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். தைத்த பிறகு ஒவ்வொரு கட்டமும் 6 அங்குலச் சதுரம். அப்படியானால் அகலவாட்டில் 10, நீளவாட்டில் 15, மொத்தம் 150 கட்டங்கள். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் வெட்டும்போது 6½ அங்குலம். 36 அங்குல அகலமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பிட்டில் இப்படி எத்தனை சதுரம் கிடைக்கும்? ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். யாரும் போனைத் தொடாமல் மனக்கணக்காகப் போடுங்கள். நாலைந்து இருபது. ஆக, 8 பிட் இருந்தாலே முழுப் போர்வையும் முடிந்துவிடும். ஆனால் எனக்கு எட்டு வீடு போதவில்லை. 38 வீடும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிட்டிலிருந்தும் இரண்டே இரண்டு சதுரம் எடுத்தேன். 76 ஆயிற்று.

மீதி 74க்கு எங்கே போவது?

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் பெண் வெட்டுத் துணியை மூட்டையாகக் கட்டி வைப்பாள். தலையணைக்குள் அடைக்க யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த மூட்டையைக் கொட்டிக் கிளறி 40 சதுரத்துக்குத் துணி தேற்றினேன். எதிர்வீட்டுச் சிறுமியின் பிறந்தநாள் கவுன், பால்காரர் மனைவியின் கொல்லம் பயணச் சுடிதார், கோவில் பூசாரி வீட்டுத் திரைச்சீலை என்று தெருவே அதில் இருந்தது. பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அவள் மகனுக்கு ஒரு மாதம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறேன் என்று பேசி முடித்தோம்.

என் மாணவி ஒருத்தி மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். சங்கத்தில் கேட்டுக்கொண்டு, கழிவில் போக இருந்த நீலத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சீருடைத் துணி கலப்புத்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்த நிறம் அது. விதியைத் தளர்த்தி 12 சதுரம் அதில் வெட்டினேன். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஓரத்தோடு நிற்க வைத்திருக்கிறேன். சுருங்கினாலும் சுருங்காவிட்டாலும் ஓரத்தில் தொந்தரவு இல்லை.

உங்கள் சாருடைய சட்டைகள் மூன்று இருந்தன. பருத்திச் சட்டைக்கு முதலில் போவது காலர், அடுத்தது கைமடிப்பு. முதுகுப்பக்கம் மட்டும் கடைசிவரை புதிதாகவே இருக்கும். ஒரு முதுகில் ஆறு சதுரம், மூன்று சட்டையில் 18. கத்தரிக்கோலை வைக்கும்போது கை கொஞ்சம் நின்றது. பேத்தி பார்த்துவிட்டு, "நான் வெட்டட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று நானே வெட்டினேன்.

76, 40, 12, 18. மொத்தம் 146. இன்னும் நான்கு வேண்டும். அந்த நாலைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சீட்டுகளை வாசித்து முடித்ததும் பேத்தி அவற்றை வருட வாரியாக அடுக்கினாள். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி. அடுக்கி முடித்துவிட்டு, "அம்மாச்சி, 2014 வரைக்கும் 60 இருக்கு. அதுக்கப்புறம் மூணுதான் இருக்கு. நீங்க விசேஷத்துக்கே போகலையா?" என்று கேட்டாள்.

போகாமல் இல்லை. 2014இல் உங்கள் சார் இறந்தார். அடுத்த வருடத்திலிருந்து எல்லா விசேஷத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பத்திரிகை வருகிறது, முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள், இலையில் இரண்டாவது ஜிலேபி வைக்கிறார்கள். கிளம்பும் நேரத்தில் வீட்டுக்காரப் பெண் தாம்பாளத்தோடு வரிசையாக ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டே வருவாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் வருவாள். பிறகு எனக்கு அடுத்தவரிடம் போய் நிற்பாள். சிலர் பிறகு தனியாக வந்து ஒரு பழமும் இனிப்புப் பெட்டியும் கையில் கொடுத்து, "இருந்து சாப்பிட்டுப் போங்க டீச்சர்" என்பார்கள். யாரும் மனதில் கெட்டதை வைத்துச் செய்வதில்லை. அவர்களுக்கே கை கூசும், முகத்தில் தெரியும். எனக்கு வைத்துக் கொடுத்தால் சபையில் பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்ற பயம்தான்.

இழந்தது 80 சென்டிமீட்டர் துணி இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் துணி எதற்கும் உதவாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். வரிசையில் நானும் ஒருத்தி என்று சொல்வதற்காக வருகிற துணி அது. அது வராதபோதுதான் அதற்கு இருந்த மதிப்பு தெரிந்தது.

பிறகு வந்த மூன்றையும் சொல்கிறேன். ஒன்று, எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர் ஓய்வு பெற்ற நாளில் எல்லோருக்கும் கொடுத்தது. இரண்டாவது, பக்கத்து பாய் வீட்டு அம்மா ரம்ஜானுக்குக் கொடுத்தது. மூன்றாவது, 2019இல் ஒரு மாணவி வீட்டுப் பால் காய்ப்பில். அவள் தாம்பாளத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான் எடுக்கிறவரை தாம்பாளத்தை நகர்த்தாமல் நின்றாள். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பிட். எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் இதைப் படிப்பாள். பெயர் போடவில்லையம்மா, பயப்படாதே. உன் பிட்டின் இரண்டு சதுரமும் நடுப் பகுதியில் இருக்கின்றன.

சரி, மீதி நான்கு. பீரோவின் அடித்தட்டில் ஒரு சேலை இருந்தது. சந்தன நிறப் பருத்தி, மெல்லிய பழுப்புக் கரை. உங்கள் சார் இறந்தபோது என் அண்ணனும் தம்பியும் எடுத்துவந்த பிறந்த வீட்டுக் கோடி. அன்று ஒரு நாள் கட்டியது. பிறகு தொடவில்லை. எங்கள் பக்கத்தில் கோடிச் சேலையை விசேஷத்துக்குக் கட்ட மாட்டார்கள், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். அது பீரோவிலேயே கிடந்து மக்கும்.

அதில் நான்கு சதுரம் வெட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. என் அக்காவிடம் போனில் சொன்னேன். அக்காவுக்கு 72 வயது. என்னைத் தூக்கி வளர்த்தவள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? சின்னப் பிள்ள படிக்கப் போகுது. அது மேல போய்க் கோடித் துணியப் போத்துவியா?"

"பருத்தித் துணிதானக்கா. நம்ம அண்ணனும் தம்பியும் காசு போட்டு எடுத்தது."

"அது எடுத்த நேரம் அப்படி. நீ வாத்தியாரு, உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. எனக்கு ஒப்பல. அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டாள். அக்கா சொன்னது வெறும் மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயம் அது. அந்தப் பயத்தின் வேர் பாசம். ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஜாக்கெட் பிட் திரும்பச் செய்ய வேண்டிய கணக்கோடு வருகிறது. நீ எனக்கு வைத்தாய், நான் உனக்கு வைக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் கைமாற்றிவிடலாம். அந்த 63இலும் கைமாற்ற முடியாத துணி ஒன்றுகூட இல்லை. கோடி அப்படி இல்லை. வாழ்க்கையிலேயே மோசமான ஒரு நாளில், என் அண்ணன் அழுதுகொண்டே ஜவுளிக்கடைப் படியேறி, எனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று யோசித்து எடுத்துவந்த துணி. "நாங்க இருக்கோம்" என்று சொல்வதற்காகவே வந்தது. இத்தனை துணியில் எனக்காகவே வாங்கியது என்றால் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சேர்த்தால், என்னைத் தாண்டிப் போன தாம்பாளத்தின் வேலையை நானே செய்த மாதிரி இருக்கும்.

இதை எல்லாம் பேத்தியிடம் மறைக்கவில்லை. போர்த்தப் போகிறவள் அவள். அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். அவள் அம்மாவிடமும் கேட்டேன். மகள், "அப்பா சட்டை இருக்கு, மாமா எடுத்த சேலையும் இருக்கட்டும்மா" என்றாள். பேத்தி ஒன்றும் பேசாமல் போனில் எதையோ தேடி என்னிடம் நீட்டினாள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்திக் காட்டில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் வம்சத்தில் வந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டை, மாவு மூட்டை என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டிப் போர்வை தைப்பார்களாம். 2002இல் அந்தப் போர்வைகளை நியூயார்க்கில் பெரிய அருங்காட்சியகத்தின் சுவரில் ஓவியம் போல மாட்டினார்கள். அவர்களில் மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல் தன் கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலைத் துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தேன். வெளுத்த நீலமும் சாம்பலுமாக நீளநீளத் துண்டுகள். அது இப்போது வாஷிங்டனில் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கடல் தாண்டி ஒருத்தி எண்பது வருடத்துக்கு முன்பே செய்து போர்த்தியும் இருக்கிறாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பக்கத்திலேயே இருக்கிறது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்கிறார்கள். நம் கந்தை என்ற சொல் அதற்கு உறவு. கர்நாடகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். நாம் ஒரு மூலையில் ஆரம்பித்துக் கோடு கோடாகத் தைப்போம். அவர்கள் வெளி ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு ஆடை உடுத்தாத உடம்பு மாதிரி. புத்த பிக்குகளின் துவராடைகூடத் துண்டுகளை ஒட்டியதுதான். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, இதுபோல் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநயநூல் சொல்கிறது. வாடிப்பட்டிப் பக்கம் வயல் பார்த்து வளர்ந்த எனக்கு, கட்டம் கட்டமாக விரிந்து கிடந்த என் துணியைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

அடுக்கும் வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. 150 சதுரத்தையும் கூடத்தில் பரப்பிவிட்டால் நடக்க இடமில்லை. சுவரோரமாகச் சமையலறைக்குப் போய்வந்தோம். ஒரே இடத்தில் கறுப்பும் அரக்கும் சேர்ந்துவிடக் கூடாது, வெளிர் நிறம் ஒரு பக்கமாகக் குவிந்துவிடக் கூடாது. கண் நிறத்தில் மயங்கிவிடும் என்பதால், பேத்தி கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்துக் காட்டினாள். எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று உடனே தெரிந்தது. நல்ல யோசனை, குறித்துக்கொள்ளுங்கள். கோடித் துணியின் நான்கு சதுரமும் எட்டாவது வரிசையில், 4, 5, 6, 7ஆவது இடங்கள். பதினைந்து வரிசையில் எட்டாவதுதான் நட்டநடு. மேலும் கீழும் சட்டைத் துணி.

தையலுக்கு எங்கள் வீட்டுப் பழைய கால் மெஷின்தான். தையல்காரர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். கால் அங்குலம் என்றால் 2 நூல். ஒவ்வொரு தையலும் அந்த 2 நூலிலேயே ஓட வேண்டும். அரை நூல் கூடினால் என்ன போயிற்று என்று நினைக்கலாம். இணைப்புக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் போய்விடும். ஒரு வரிசையில் 9 இணைப்பு, ஆக 9 நூல், அதாவது ஓர் அங்குலத்துக்கும் மேல் அந்த வரிசை மட்டும் குட்டையாகும். பிறகு பக்கத்து வரிசையோடு எப்படிச் சேரும்? துணியைப் பாவு, ஊடை நூலுக்கு நேராக வெட்டுவதும் முக்கியம். கிராஸாக வெட்டினால் மெஷின் காலுக்கு அடியில் போகும்போதே இழுபட்டுவிடும்.

15 வரிசைக்கும் 135 குட்டைத் தையல். வரிசைகளை ஒன்றோடு ஒன்று சேர்க்க 14 நீளத் தையல். மொத்தத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 44 மீட்டர் வரும். தினம் இரண்டு வரிசைதான் தைத்தேன். இடுப்பு அவ்வளவுதான் விடும். தைத்த வரிசையை அடுத்ததோடு சேர்க்கும் முன் இஸ்திரி போட வேண்டும். முதல் வரிசையில் தையல் மடிப்புகளை வலப்பக்கம் சாய்த்தால், அடுத்த வரிசையில் இடப்பக்கம். அப்போதுதான் மூலைகள் ஒன்றோடு ஒன்று பல்லைப் போலக் கவ்விக்கொள்ளும், புடைக்காது. ஆசிரியர் பயிற்சியில் ஊசி வேலைக்கு என்று ஒரு மாதிரி நோட்டு உண்டு. ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா எல்லாம் சின்னத் துணித் துண்டுகளில் போட்டு ஒட்டுவோம். அதற்கு மதிப்பெண் உண்டு என்பதால் செய்தோம். இப்போது மதிப்பெண் போட ஆளில்லை, வேலை இன்னும் சுத்தமாக வருகிறது.

மேல்பக்கம் முடிந்த நாளில்தான் அந்தப் படத்தைப் போட்டேன். அக்காவும் பார்த்திருக்கிறாள். பேரன் போனில் காட்டியிருக்கிறான். ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ஒரு தெரிந்த பஸ் கண்டக்டர் தம்பி வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் பையை வைத்துவிட்டுப் போனான். உள்ளே மூன்று சுங்குடிச் சேலைகள். சின்னாளப்பட்டியில் எடுத்தவை, அக்கா வருடக்கணக்காகக் கட்டிக் கட்டிப் பஞ்சு மாதிரி ஆனவை. போன் பண்ணினேன்.

"போர்வைன்னா நடுவுல என்ன வைப்ப? கடைப் பஞ்சு வச்சா கோயமுத்தூரு வெயிலுக்கே அந்தப் பிள்ளைக்கு வேர்க்கும். ரெண்ட நடுவுல மடிச்சு வை. ஒண்ணு அடிப்பக்கம் போடு."

"கோடித் துணியும் அதுலதான்க்கா இருக்கு."

"தெரியும். போட்டோவுல பாத்தேன்." சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஒப்பலதான். அதுக்காகப் பிள்ள குளிர்ல கெடக்கணுமா?" என்றாள்.

பிறந்த குழந்தையைப் பெரியவர்களின் பழைய சேலையில்தான் முதலில் கிடத்துவோம். துவைத்துத் துவைத்து மிருதுவான துணிதான் பிஞ்சு உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று நம் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரியும். 18 வயதுப் பிள்ளைக்கும் அக்கா அதையேதான் அனுப்பியிருக்கிறாள். அவள் சொன்னபடியே வைத்தேன். இப்போது சாயங்காலங்களில் பேத்தியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவள் தையல் கோணலாகப் போகிறது. பிரித்துப் போடச் சொல்லவில்லை. கட்டம் இடம் மாறாமல் பிடித்தால் போதும். விடுதிக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது, முடித்துவிடுவோம்.

கடைசியாக, எனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு. என்னிடம் ஒவ்வொரு பிட்டிலும் இன்னும் 18 சதுரத்துக்குத் துணி மிச்சம் இருக்கிறது. அது எங்கள் தெரு அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் படுக்கை விரிப்பாகப் போகிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் பீரோவைத் திறங்கள். அங்கே இருப்பதே ஒரு போர்வைக்குத் தாண்டும். நேர்க்கோட்டில் தைக்கத் தெரிந்தால் போதும். சந்தேகம் இருந்தால் எப்போதும்போல் கேளுங்கள், மாலை ஐந்து மணிக்குமேல். தயவுசெய்து யாரும் எனக்குப் பிட் அனுப்ப வேண்டாம். பீரோவில் இப்போதுதான் ஒரு தட்டு காலியாகியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் வீட்டில் விசேஷம் வரும். நீங்களோ உங்கள் மனைவியோ மகளோ தாம்பாளத்தோடு வரிசையாக வருவீர்கள். வரிசையில் ஓர் அத்தையோ, சித்தியோ, பக்கத்து வீட்டு அம்மாவோ, தாம்பாளம் கிட்டே வரும்போது கைப்பைக்குள் எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொள்வார்கள். அவர்கள் ஒன்றையும் தேடவில்லை. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று குனிகிறார்கள். அங்கே நில்லுங்கள். அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை நில்லுங்கள். குங்குமம் எடுத்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அவர்கள் விருப்பம். தாம்பாளத்தை நீட்டுவது உங்கள் வேலை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்